துறப்பதற்கு ஒரு சுருள்

எந்தச் சீர்திருத்தத்துக்கும் முதலில் ஒரு பெயர் வேண்டும். பெயர் நீளமாக இருந்தால் சீர்திருத்தம் ஆழமானது என்று அர்த்தம். அந்தக் கணக்கில் பார்த்தால், சென்ற தை மாதம் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘இல்லச் சமையலறை ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழி உணவுறைத் துறப்பு மற்றும் மறுபயன்பாட்டு மாற்று உறை மேம்பாட்டுத் திட்டம்’ மிக மிக ஆழமானது. கன்டோன்மென்ட்டில் கட்டிய பேனரில் பெயர் முழுதாக அடங்காமல், மிச்சத்தைப் பக்கத்துக் கட்டடத்துக் காம்பவுண்டுச் சுவரில் எழுதினார்கள்.

நோக்கம் நல்லது. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. மீந்துபோன குழம்பையும் வெட்டின தர்பூசணியையும் மெல்லிசான பிளாஸ்டிக் தாளால் இழுத்துச் சுற்றி ஃபிரிட்ஜில் வைக்கிறோம். மறுநாள் அந்தத் தாளை உரித்துக் குப்பையில் போடுகிறோம். அதை மாடு தின்கிறது, மிச்சம் வாய்க்காலை அடைக்கிறது. இதை விட்டுவிட்டு, அலம்பி அலம்பித் திரும்பப் பயன்படுத்துகிற மூடியோ துணியோ பழகிக்கொள்ளுங்கள் என்பதுதான் விஷயம். இதை இப்படியே சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் வேலை முடிந்திருக்கும். முடிந்துவிட்டால் அதற்கு ஒரு சிறப்புப் பிரிவு எதற்கு, பிரிவுக்கு ஒரு துணை இயக்குநர் எதற்கு, அவருக்கு ஒரு ஜீப் எதற்கு?

ஆகவே ஒரு விதி போட்டார்கள். வீட்டில் சமைத்து வெளியே கொடுப்பவர்கள் எல்லாரும் பங்குனி முடிவதற்குள் ‘துறப்புச் சான்று’ பெற வேண்டும். பெறாதவர்கள் அடுப்பை அணைத்துவிட வேண்டும்.

இங்கேதான் சத்யபாமா மாமி வந்து மாட்டிக்கொண்டார்.

மாமி இருப்பது ஸ்ரீரங்கத்தில், கீழச் சித்திரை வீதியை ஒட்டின சந்தில். பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெற்றவர்கள் இங்கேயுமாக இருக்கிற வீடுகள் எங்கள் ஊரில் ஏராளம். அடுப்படியில் நிற்கத் தெம்பில்லாத அந்தப் பெரியவர்கள் பலருக்கு மத்தியானச் சாப்பாடு மாமியின் தளிகைதான். சாதம், சாத்தமுது என்கிற ரசம், கறியமுது என்கிற ஒரு பொரியல், தயிர். எல்லாம் எவர்சில்வர் கேரியரில் போகும். கணவர் சேஷு மாமா ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நேற்றைய காலி கேரியரை வாங்கிவருவார். மாமா திருவெறும்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் கொதிகலனுக்கு மூடி பொருத்தினவர், இப்போது சாத்தமுதுக்குப் பொருத்துகிறார். மாமிக்கு ஒரு நாள் உடம்பு முடியவில்லை என்றால் அன்று பல வீடுகளில் பிஸ்கட்டும் பாலும்தான். அதனால் மாமி காய்ச்சல், தலைவலி எல்லாவற்றையும் ஏகாதசியன்று வைத்துக்கொள்வார்.

அந்தச் சமையலறைக்குள் பிளாஸ்டிக் தாள் நுழைந்ததே கிடையாது. பாத்திரத்தை மூட வேண்டுமானால் மேலே ஒரு தட்டு. சின்னதற்குச் சின்னத் தட்டு, பெரியதற்குப் பெரிய தட்டு. கல்யாணத்தில் வந்தது, சீமந்தத்தில் வந்தது, பெயர் வெட்டினது, பெயர் தேய்ந்தது என்று அலமாரி முழுக்கத் தட்டுகள் அளவு வாரியாக நிற்கும். முதல் சான்று இந்த வீட்டுக்குத்தான் என்று தெருவே நினைத்தது. தெருவுக்கு அலுவலகத்தைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.

கள ஆய்வுக்குப் பூவரசன் வந்தார். பச்சைமலைப் பக்கத்துக்காரர், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தொடுதிரை டேப்.

“வாப்பா, உக்காரு. மோர் தரட்டுமா?”

“இருக்கட்டுங்கம்மா. சமையலறையில எதை வச்சு மூடுறீங்க?”

“தட்டு.”

“சாப்பிடுற தட்டைக் கேக்கலீங்கம்மா. மூடுறதுக்கு.”

“மூடறதுக்குத்தான்பா சொல்றேன். தட்டு.”

பூவரசன் டேப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். “தட்டு இதுல வரலீங்களே. சரி, அதை அப்புறம் பாப்போம். இதுவரைக்கும் வாரத்துக்கு எவ்வளவு பிளாஸ்டிக் ராப் யூஸ் பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலை.”

“இப்ப?”

“இப்பவும் ஒண்ணும் இல்லை.”

பூவரசனின் முகம் வாடியது. “அப்ப குறைச்சது பூஜ்யங்கம்மா. பூஜ்யம் போட்டா சிவப்புக் காட்டுது.”

“சிவப்புன்னா என்ன?”

“ஒத்துழைக்காத வீடுங்க.”

பேப்பர் படித்துக்கொண்டிருந்த சேஷு மாமா எழுந்து வந்தார். “ஏம்ப்பா, நாங்க எதை விடறது? பிடிச்சாத்தானே விட முடியும்?”

“அதாங்க பிரச்சினையே,” என்றார் பூவரசன், நிஜமான வருத்தத்தோடு. “எங்க அம்மா மலையில இட்லி சுட்டு விக்கிறாங்க. அவங்களும் தட்டு போட்டுத்தாங்க மூடுறாங்க. அவங்களும் சிவப்புதான்.”

“சான்று வரலைன்னா?” என்று கேட்டார் மாமி.

“பங்குனிக்கு மேல அடுப்புப் பத்த வைக்கக் கூடாதுங்கம்மா.”

மாமி திரும்பிக் கூடத்தில் அடுக்கிவைத்திருந்த கேரியர்களைப் பார்த்தார். “அப்ப மைத்ரேயி டீச்சர் என்ன சாப்பிடுவா?” என்றார். மைத்ரேயி டீச்சர் உத்திர வீதியில் தனியாக இருப்பவர், கண் மங்கல். டேப்பில் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை.

மறுநாள் மாமியும் மாமாவும் கன்டோன்மென்ட் அலுவலகத்துக்குப் போனார்கள். துணை இயக்குநர் பீமராவ் தன்மையான மனிதர். யாரையும் நிற்கவைத்துப் பேச மாட்டார். உட்காரவைத்துத்தான் கழுத்தை அறுப்பார்.

“அம்மா, நான் சொல்றதைக் கோபப்படாம கேக்கணும். குடிப்பழக்கமே இல்லாத ஒருத்தருக்கு, குடியை நிறுத்தினார்னு நாங்க சால்வை போர்த்த முடியுமா?”

“சால்வையெல்லாம் வேண்டாம் சார். அடுப்பு எரிஞ்சாப் போறும்.”

“அதுக்குத்தான் சொல்றேன். பழக்கம் இருந்து விட்டவர் பாதுகாப்பானவர். அவரைப் பத்தி எங்களுக்குக் கவலை இல்லை. பழக்கமே இல்லாதவர் இருக்காரே, அவர் எந்த நிமிஷமும் ஆரம்பிச்சுடலாம். திட்டத்துல உங்களுக்குத் ‘துறப்புக்கு முந்தைய அபாய நிலை’ன்னு பேரு.”

சேஷு மாமாவுக்குப் பொறுக்கவில்லை. “சார், அந்தத் தாளைக் கடையில விக்கவே கூடாதுன்னு எப்பவோ தடை போட்டாச்சே! இல்லாத பொருளை நாங்க எங்க போய்...”

“தடை வேற பிரிவு சார். நாங்க துறப்புப் பிரிவு. தடை முழுசா நடந்துட்டா எங்களுக்கு வேலையே கிடையாது. நடக்காதுங்கற நம்பிக்கையிலதானே எங்களைப் போட்டிருக்காங்க!”

“சரி, தட்டுக்கு என்ன குறைச்சல்?” என்றார் மாமி. “அலம்பி அலம்பித்தானே வச்சுக்கறேன். அதுதானே நீங்க சொல்ற மறுபயன்பாடு?”

பீமராவ் மென்மையாகச் சிரித்தார். “தட்டு நிலையில்லாத பொருள்மா. மேல வச்சா மூடி, கீழ வச்சாத் தட்டு. இன்னிக்கு மூடின்னு சான்று கொடுக்கறோம். நாளைக்கு அதுல யாராவது இட்லி சாப்பிட்டுட்டா அரசாங்கச் சான்று என்ன ஆறது? மாற்று உறைன்னா அது உறையா மட்டும்தான் இருக்கணும். வேற யோசனையே அதுக்கு இருக்கப்படாது.”

இவ்வளவு பேசினதில் அவருக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மேஜைமேல் தண்ணீர் டம்ளர் இருந்தது. டம்ளர் மேல் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு இருந்தது. தட்டை எடுத்து வைத்தார், குடித்தார், மறுபடி தட்டால் மூடினார். மாமி தட்டைப் பார்த்தார். மாமா மாமியைப் பார்த்தார். ஓரமாக நின்றிருந்த பூவரசன் கூரையைப் பார்த்தார்.

“அது அலுவலகச் சொத்து,” என்றார் பீமராவ்.

பிறகு அவரே வழியும் சொன்னார். “ஒரு சுருள் வாங்குங்க. ஒரு மாசம் முறைப்படி பயன்படுத்துங்க. அப்புறம் மிச்சத்தை எங்ககிட்ட ஒப்படைச்சுட்டு, அங்கீகரிச்ச மாற்றுக்கு மாறுங்க. சான்று வீடு தேடி வரும்.”

இதை மாமி வந்து சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. தெருவில் மற்றவர்களுக்கு எரியவில்லை. “ஒரு சுருள்தானே மாமி, வாங்கித் தொலைச்சுட்டு வேலையைப் பாருங்கோ” என்றார்கள். அப்படிச் சொல்லிப் பழகித்தான் நாம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

பாலக்கரையில் ரெஜிஸ் கடை என்று ஒன்று. பேப்பர் கப், கேக் டப்பா, பேக்கரிக்காரர்களுக்கு வேண்டிய சாமான் எல்லாம் கிடைக்கும். மாமி வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“பிளாஸ்டிக் ராப்பா மாமி? விடறதுக்கா, வேலைக்கா?” என்றார் ரெஜிஸ்.

“அப்படின்னா?”

“வேலைக்குன்னா பெரிய ரோல், பேக்கரிக்காரங்க வாங்குறது. விடறதுக்குன்னா சின்னதே போதும். இப்பல்லாம் விடறதுக்குத்தான் ஓடுது. முன்னாடி இது தூசி பிடிச்சுக் கிடக்கும். திட்டம் வந்த பிறகு எனக்கு உக்கார நேரமில்லை.”

“விடறதுக்குத்தான்!” என்றார் மாமி, பட்டென்று.

ரெஜிஸ் சின்னச் சுருளைச் செய்தித்தாளில் பொதிந்து கொடுத்தார். “மறைச்சு எடுத்துட்டுப் போங்க. தடை பண்ணின சாமான். அதிகாரிங்க பாத்தா வம்பு.”

“அதிகாரிதான் வாங்கச் சொன்னார்.”

“அவங்கதான் மாமி பாக்கக் கூடாது.”

சுருள் வீட்டுக்கு வந்தது. முதல் நாள் அதன் நுனி எங்கே என்று கண்டுபிடிப்பதற்கே மாமா கண்ணாடியை மாற்றிப் போட வேண்டியிருந்தது. கிடைத்த நுனியை இழுத்தால் பாத்திரத்தில் ஒட்டவில்லை. தன்மேலேயே ஒட்டிக்கொண்டது, அப்புறம் மாமாவின் முழங்கையில் ஒட்டிக்கொண்டது. எத்தனையோ கொதிகலனை அடக்கின மனிதர் ஒரு கிண்ணத்துக் கறியமுதை மூட முடியாமல் வியர்த்துப் போனார்.

அடுத்த சிக்கல், சுற்றிவைக்க ஏதாவது மிஞ்ச வேண்டும். மாமி அளந்து வடிப்பவர். அந்த வீட்டில் மிச்சம் என்று எதுவும் விழுவதில்லை. பூவரசனுக்குப் போன் போட்டுக் கேட்டார்.

“மிச்சமே இல்லைன்னா எதைப்பா சுத்தி வைக்கறது?”

“கொஞ்சம் மிச்சம் வையுங்கம்மா.”

“அதுக்குன்னு சமைக்கறதா?”

“வேற வழி தெரியலீங்கம்மா.”

அன்றிலிருந்து மிச்சம் வைப்பதற்கென்றே தனியாக ஓர் ஆழாக்கு அரிசி களையப்பட்டது.

மிச்சத்தை வைக்க ஃபிரிட்ஜ் வேண்டும். ஃபிரிட்ஜ் இருந்தது, ஆனால் அதில் பாலும் தயிரும் பெருமாளுக்குப் பூவும் மட்டும்தான் இருக்கும். சாதம் பட்டது பத்து. பத்துப் பட்ட எதையும் பாலோடு தயிரோடு ஒன்றாக வைக்க மாட்டார்கள், பத்துக் கையால் அவற்றைத் தொடவும் மாட்டார்கள். அந்த வீட்டில் இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. மாமி ரொம்ப யோசித்து, பாலையும் பூவையும் வெளியே எடுத்துவிட்டு மிச்சத்தை உள்ளே வைத்தார். பால் திரிந்தது. பூ வாடியது. மிச்சம் மட்டும் ஜில்லென்று சௌக்கியமாக இருந்தது.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது பூவரசன் முன்னேற்றம் பார்க்க வந்தார். பின்கட்டில், கொடியில், மாமாவின் வேஷ்டிக்கும் மாமியின் மடிப்புடவைக்கும் நடுவில், பளபளவென்று ஏதோ வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

“என்னங்கம்மா அது?”

“நீ சொன்ன தாள்தான். சாதம் பட்டுடுத்தோன்னோ, பத்து. அலம்பி உலத்தியிருக்கேன்.”

“தினமும் அலம்புறீங்களா?”

“பின்னே, பத்தை அலம்பாம வைப்பாளா?”

“எத்தனை நாளாங்கம்மா ஒரே தாளு?”

“ஆரம்பிச்சதுலேர்ந்து இதுதான். நன்னா உழைக்கறதுப்பா! இதைப் போய் ஏன் ஒரே நாள்ல எறியறாளோ?”

பூவரசன் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துவிட்டார். “அம்மா, இது ஒருமுறைப் பயன்பாட்டு உறைங்க. நீங்க பலமுறை பயன்படுத்திட்டீங்க. அப்ப இது மறுபயன்பாட்டு உறை ஆயிடுச்சு. மறுபயன்பாட்டு உறையை எப்படிங்க துறக்க முடியும்?”

மாமா குதித்தார். “அப்ப அதுக்கே சான்று கொடுத்துடு! மறுபயன்பாடுதானேப்பா உங்க திட்டமே?”

“இது அங்கீகரிச்ச மறுபயன்பாடு இல்லீங்களே.”

ஓடின நாள் எல்லாம் கணக்கில் சேராது என்று ஆகிவிட்டது. பீமராவ் போனில் வந்து, கண்டிப்பும் பரிவும் கலந்த குரலில் பேசினார். “உங்ககிட்ட ஆர்வம் இருக்கும்மா, இல்லைன்னு சொல்லலை. தூக்கி எறியற பயிற்சிதான் போதலை. வகுப்புக்கு வந்துடுங்க.”

வகுப்பு நடத்தியது மேகனா. தில்லை நகரில் மாற்று வாழ்க்கைப் பொருள் விற்கும் கடை வைத்திருப்பவர். கைத்தறிச் சேலை, காதில் தேங்காய்ச் சிரட்டைத் தோடு. எதைப் பற்றிப் பேசினாலும் அது ஒரு ஜர்னி என்பார். மாமியைப் போலவே அலம்பி உலர்த்தி அகப்பட்டுக்கொண்ட பெண்மணிகள் ஒரு கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு துண்டுத் தாளும் பாதி எலுமிச்சம்பழமும் கொடுக்கப்பட்டன. சுற்ற வேண்டும், பிரிக்க வேண்டும், தாளைக் கூடையில் போட வேண்டும்.

மாமியின் கை கூடைக்கு மேலே போயிற்று. விரல் விரியவில்லை.

“விடுங்க ஆன்ட்டி.”

“நன்னாத்தானேம்மா இருக்கு? ஒரு அழுக்கு இல்லை.”

“அழுக்கைப் பாக்காதீங்க. லெட் கோ. தூக்கிப் போடறதும் ஒரு ஜர்னிதான்.”

“மனசு கேக்கலைம்மா. பாவம் பண்ற மாதிரி இருக்கு.”

“அந்த ஃபீலிங்கை இப்பவே செலவு பண்ணிடாதீங்க ஆன்ட்டி. துறப்பு விழா அன்னிக்கு மேடையில தேவைப்படும்.”

மேகனா மாமியின் மணிக்கட்டை மெல்லப் பிடித்து ஆட்டினார். தாள் விழுந்தது. கூடமே கை தட்டியது. மாமி வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகக் கை அலம்பிக்கொண்டார். மறுநாள் தாளைத் தூக்கி எறிந்தபோதும் கை அலம்பினார். அதற்கு மறுநாள் அலம்பவில்லை.

வீட்டு மிச்சத்துக்கு மட்டும் பயன்படுத்தினால் நாள் கணக்கை எட்டிப்பிடிக்க முடியாது, கேரியருக்குள்ளும் போடுங்கள் என்று அடுத்த உத்தரவு வந்தது. அப்படியே போட்டு அனுப்பினார். மத்தியானம் மைத்ரேயி டீச்சரிடமிருந்து போன்.

“பாமா, உன் சாத்தமுதுக்கு என்ன அவ்வளவு கர்வம்? எவ்வளவு நாழியாப் பிசையறேன், சாதத்தோட சேரவே மாட்டேங்கறது!”

சாதத்தின் மேல் இருந்த தாள் டீச்சரின் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கு மேலேயே சாத்தமுதை ஊற்றிவிட்டார். சேஷு மாமா ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு ஓடினார். மாமி அன்று சாப்பிடவில்லை. “கண் தெரியாதவளைப் பட்டினி போட்டுட்டேனே” என்று அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதார். அந்த அழுகையை நான் பார்த்தேன். இன்றைக்கும் அந்தத் திட்டத்தின் பெயரைக் கேட்டால் எனக்கு முதலில் அதுதான் ஞாபகம் வருகிறது, கோபம் அப்புறம்தான் வருகிறது.

ஆனால் எல்லாம் பழகிவிடுகிறது. டீச்சர் தடவிப் பார்த்து நுனியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். மாமாவும் ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு, “பாமா, ஒண்ணு சொல்லணும். முன்னே எல்லாம் மேடு பள்ளத்துல கேரியரிலேர்ந்து சாத்தமுது வழிஞ்சு என் வேஷ்டியெல்லாம் மஞ்சளாயிடும். இப்ப ஒரு சொட்டு சிந்தலை” என்றார். மாமி காலி கேரியரை வாங்கி வைத்தார். இல்லை என்று சொல்லவில்லை.

மாதம் முடிந்தது. பங்குனி முடியச் சொற்ப நாட்களே இருந்தபோது பூவரசன் வந்து, மிச்சச் சுருளை மாமியும் மாமாவும் இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுக்கிற மாதிரி நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கலாமா என்று மாமி கேட்டதற்கு, படத்தில் தட்டு எதுவும் விழக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

“அலமாரியில இருக்கிற தட்டையெல்லாம் பரண்ல ஏத்திடுங்கம்மா. போட்டோவுல தட்டு தெரிஞ்சா மறுபடி சிவப்பு ஆயிடும். எனக்கே சங்கடமாத்தான் இருக்கு.”

தட்டுகள் பரணுக்குப் போயின. காலியான அலமாரியில், அங்கீகரித்த மாற்று என்று மேகனாவின் கடையில் வாங்கிய தேன்மெழுகு பூசிய துணிகள் வந்து உட்கார்ந்தன. மாம்பழ மஞ்சளில் பூப்போட்ட துணிகள். பார்க்க அழகாகவே இருந்தன. முதல் நாள் கொதிக்கிற சாத்தமுதுமேல் ஒன்றைப் போட்டார் மாமி. மெழுகு உருகிச் சாத்தமுதில் இறங்கியது. அன்று பல வீடுகளில் தேன் வாசனையோடு சாத்தமுது சாப்பிட்டார்கள்.

மாமி மேகனாவுக்குப் போன் செய்தார்.

“ஹாட் ஐட்டத்துக்குப் போடக் கூடாது ஆன்ட்டி. முதல்ல ஆறணும்.”

“ஆறற வரைக்கும் எதைப் போட்டு மூடறது? தட்டைப் பரண்ல ஏத்தச் சொல்லிட்டாளே.”

“மூடவே வேண்டாம். பக்கத்துலயே நில்லுங்க. அந்தச் சாப்பாட்டோட ப்ரெஸென்ட்டா இருங்க.”

“ஈ வருமே?”

“அதான் பக்கத்துல நிக்கச் சொல்றேன்.”

“சரி, பத்துப் பட்டா வெந்நீர்ல அலம்பலாமா?”

“ஐயோ, கூடவே கூடாது! மெழுகு போயிடும். பச்சைத் தண்ணில லேசா ஒரு துடை.”

“அப்ப பத்து எப்படிம்மா போகும்?”

“பத்துன்னா என்ன ஆன்ட்டி?”

அதற்கப்புறம் மாமி யாரிடமும் எந்தப் புகாரும் சொல்லவில்லை. கேரியர்கள் நேரத்துக்குப் போயின, சூடாகவே போயின. எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. மெழுகுத் துணிகள் மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருந்தன. பூவரசனின் டேப் பச்சை காட்டியது.

துறப்பு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் தடபுடலாக நடந்தது. பீமராவ் அறிக்கை வாசித்தார். “திட்டத்துக்கு முன்பு சித்திரை வீதி, உத்திர வீதி இல்லங்களில் நெகிழி உணவுறையின் பயன்பாடு ஏறக்குறைய பூஜ்யம். திட்டத்தின் தீவிர முயற்சியால் அது வீடுதோறும் சென்றடைந்தது. அதன்பின் அத்தனையும் ஒரே நாளில் துறக்கப்பட்டது. இவ்வளவு செங்குத்தான வீழ்ச்சியை இதுவரை எந்தப் பகுதியும் காட்டியதில்லை.” மண்டபம் அதிரக் கை தட்டினோம். சத்யபாமா மாமி மேடையேறிச் சான்றை வாங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். துறந்த துக்கம் என்று மேகனா நினைத்து அணைத்துக்கொண்டார். அடுப்பு அணையாது என்கிற நிம்மதிதான் அது.

கீழே இறங்கின மாமியைப் பீமராவ் ஓரமாக அழைத்தார். “அம்மா, ஒரு சின்ன உதவி. உங்க வீட்ல சின்னத் தட்டு ஏதாவது சும்மா கிடக்கா? டம்ளர் அளவுக்கு இருந்தாப் போதும்.”

“உங்க ஆபீஸ் தட்டு இருந்துதே சார்?”

“முன்மாதிரியா இருக்கணும்னு நானே முதல் ஆளா ஒப்படைச்சுட்டேன். இப்ப டம்ளருக்கு மெழுகுத் துணிதான். தேன் வாசனைக்கு எறும்பு வருதும்மா. எறும்பை ஊதிட்டுத்தான் தண்ணி குடிக்கறேன்.”

“நாளைக்குப் பூவரசனை அனுப்புங்கோ, கொடுத்து விடறேன்.”

“வெளியில தெரிய வேண்டாம்.”

மறுநாள் பூவரசன் வந்த நேரம் கேரியர் கட்டுகிற நேரம். சேஷு மாமா பரணில் ஏறித் தட்டுகளுக்குள் துழாவி, மாமியின் பெயர் வெட்டின ஒரு சின்னத் தட்டைத் தேடி எடுத்துக்கொண்டு, தூசியை ஊதிக்கொண்டே இறங்கினார். பூவரசன் அடுப்படி வாசலில் நின்றார். உள்ளே மாமி வரிசையாக வைத்த கேரியர் கிண்ணங்களில் சாத்தமுதை ஊற்றிக்கொண்டு வந்தார். அடுப்பு மேடைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய சுருளை இழுத்தார். பார்க்காமலேயே நுனியைப் பிடித்தார், சர்ரென்று உருவினார், மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டிக் கிழித்தார், கிண்ணத்தை மூடினார். அடுத்த கிண்ணம். அடுத்தது. பேக்கரிக்காரன் கெட்டான்.

பூவரசன் கூரையைப் பார்த்தார். அது எவ்வளவு நேரம்தான் முடியும்?

“அம்மா... அதைத்தான் அன்னிக்கே ஒப்படைச்சுட்டீங்களே?”

“அது விடறதுக்கு வாங்கினதுப்பா,” என்றார் மாமி, கை நிற்காமல். “இது வேலைக்கு.”

மாமா நீட்டின தட்டை வாங்கித் தலைப்பால் துடைத்தார். வழியில் தூசி படக் கூடாதே என்று சுருளிலிருந்து இன்னும் ஒரு முழம் உருவி, தட்டை அழகாகச் சுற்றிப் பூவரசன் கையில் கொடுத்தார். “பத்திரமாக் கொண்டுபோய் உங்க சார்கிட்ட கொடு.”

பூவரசன் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் தயங்கித் திரும்பி வந்தார்.

“அம்மா, அந்த ரோலு பாலக்கரை ரெஜிஸ் கடையிலதானே வாங்குனீங்க? எங்க அம்மா இன்னும் சிவப்புலதாங்க இருக்காங்க. அவங்களுக்கு ஒண்ணு சின்னதா வாங்கிட்டுப் போகணும். விடறதுக்கு.”

“சின்னது வேண்டாம்ப்பா,” என்றார் மாமி. “வாங்கறதுதான் வாங்கறே, பெரிசா வாங்கிண்டு போ. எப்படியும் அப்புறம் வேலைக்கு வேணும்.”